பானா டானா கூனா படகான கதை

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்கள் தலையில்தான் ஒன்றாம் வகுப்பைக் கட்டுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர் பாடம் நடத்துகிறவர், ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர் பிள்ளை பார்த்துக்கொள்கிறவர் என்றொரு நினைப்பு நம் பள்ளிக்கூடங்களில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் ஓய்வு பெறுகிறவரை ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு செங்கேணியைப் பற்றிச் சொல்வேன். உங்களுக்கும் அவளையே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. ஏரி என்றால் மதகு இருக்கும், கீழே நெல்வயல் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அறுபதுகளின் கடைசியில் முதல் வேலைக்கான உத்தரவு பழவேற்காட்டு ஏரிக்குள் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்கு வந்தது. எதிர்க்கரை தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து, இதையும் ஏரி என்றா சொல்கிறார்கள் என்று மலைத்துப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் படகில்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் ஓர் ஓலைக் கொட்டகை. தலைமையாசிரியரும் நானும் மட்டும். மூன்று, நான்கு, ஐந்து அவருக்கு. ஒன்றும் இரண்டும் எனக்கு.

செங்கேணி என் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருந்தாள். இரண்டு வருடமாக ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தாள், அதனால். இடுப்பில் எப்போதும் தம்பி இருப்பான். அவனை இறக்கி வைக்க இடமில்லை என்பதால் அவனும் வகுப்பில்தான். எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த எழுத்தைக் காட்டினாலும் பட்டென்று பெயர் சொல்வாள். அந்தக் காலத்தில் நாங்கள் எழுத்துகளைப் பெயர் சொல்லித்தான் கற்றோம், கற்பித்தோம். 'க' என்றால் கானா. 'கா' என்றால் காவன்னா. 'கு' என்றால் கூனா. 'ம்' என்றால் இம்மன்னா. செங்கேணி ஒன்றும் தப்பாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு சொல்லை எழுதிப் படி என்றால் அதோடு நின்றுவிடுவாள்.

கரும்பலகையில் 'படகு' என்று எழுதுவேன்.

"பானா, டானா, கூனா" என்பாள்.

"சரி. சேத்துச் சொல்லு."

"பானாடானாகூனா."

வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்காது. படகிலேயே பிறந்து வளர்ந்த பெண் படகு என்ற சொல்லைப் பார்த்து அப்படி நின்றாள்.

மற்ற பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்றால், பாதிப் பேர் படிக்கவேயில்லை. ஒரு பிள்ளை சொல்ல மற்ற பிள்ளைகள் பின்னால் இழுத்துச் சொல்லி, பாடப் புத்தகம் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தார்கள். செங்கேணிக்கு மனப்பாடம் வராது. அது அவளுக்கு எவ்வளவு நல்லது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் அவளுடைய அப்பா எல்லப்பன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"டீச்சரம்மா, இந்தப் பொண்ண நிறுத்திடலாம்னு கீறேன்" என்றார். "ரெண்டு வருசமா ஒண்ணாங் கிளாசுலயே குந்திக்கினு கீறா. அவளுக்கு எழுத்து ஏறல. அவ அம்மா கூடைய தூக்கிக்கினு கரைக்குப் போயிட்டா பையனப் பாத்துக்க ஆளு இல்ல."

"பையனத்தான் இங்கயே தூக்கிக்கிட்டு வர்றாளே?"

"வர்றா. வந்து இன்னா பண்றது? எல்லாரும் பாத்து சிரிக்கிறானுங்களாம். ஊட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா சோறு துன்ன மாட்டேங்கிறா."

எனக்கு அது புதுச் செய்தி. என் வகுப்பில் அவளும் சேர்ந்து சிரித்தாளே!

"வருசப் பரீட்ச வரைக்கும் விடுங்க" என்றேன். "அதுக்கு அப்புறமும் வரலன்னா உங்க இஷ்டம்."

"சரி டீச்சரம்மா, நீ சொல்றியேன்னு உடறேன்" என்று போனார். சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வழி நான் தேடிப் போன இடத்தில் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து, படகிலிருந்து இறங்கும்போது ஆணி மாட்டி என் புடவை ஓரமாகக் கிழிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூவரச மரத்தடியில் பெண் பிள்ளைகள் கூடிக் குசுகுசுவென்று பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனபோதும் நிறுத்தவில்லை, எனக்கு விளங்காது என்ற தைரியம்தான்.

"கடீச் கசர் கபு கட கவை ககி கழி கசல்!"

நான் அப்படியே நின்றேன். சிறு வயதில் நாங்களும் பேசிய 'க' பாஷைதான். ஒவ்வொரு அசைக்கும் முன்னால் ஒரு 'க'வைப் போட்டுவிட்டால் பெரியவர்களுக்குப் பிடிபடாது. ஆனால் நான் பெரியவளாகி ரொம்ப நாளாகிவிட்டது. மெதுவாக 'க'வை எல்லாம் உரித்துப் பார்த்தேன். டீச்சர் புடவை கிழிசல். குனிந்து புடவையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான், கூட்டம் கப்சிப்.

"யாரு சொன்னது?"

எல்லாக் கண்களும் செங்கேணி பக்கம் திரும்பின. அவள் தம்பியை இழுத்து மடியில் வைத்து மறைந்துகொள்ளப் பார்த்தாள்.

நான் அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தேன். "இது என்னன்னு சொல்லு பாப்போம். கம கட கவ."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடி விழாது என்று தெரிந்தது போலிருக்கிறது. "மடவ" என்றாள். மடவை அந்த ஏரியில் நிறையக் கிடைக்கிற மீன்.

"கது கடுப் கபு."

"துடுப்பு!"

"கப கட ககு."

"படகு! டீச்சர், நீ ரொம்ப மெதுவா பேசற. நாங்க இத்தவிட ஜோரா பேசுவோம்."

மற்ற பிள்ளைகள் சொல்லவே திணறுகிற நீளமான வாக்கியங்களை அவள் மூச்சு விடாமல் க பாஷையில் பிரித்தாள், சேர்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு அடிக்கிற மணி காதில் விழுந்தும் நான் எழுந்திருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லை ஒலி ஒலியாக உடைக்கத் தெரிகிறது. உடைத்ததை ஒட்டவும் தெரிகிறது. காது பழுதில்லை, புத்தி பழுதில்லை. அப்படியானால் கரும்பலகையில் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

ஏனென்றால் நான் அவளுக்கு ஒட்டக் கொடுத்தது ஒலிகளை அல்ல, பெயர்களை. பானாவையும் டானாவையும் கூனாவையும் எத்தனை தரம் சேர்த்தாலும் படகு வராது. மற்ற பிள்ளைகள் எப்படியோ அந்தப் பெயர்களின் 'னா' என்கிற வாலைத் தாங்களாகவே வெட்டிக்கொள்கிறார்கள். இவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். சேர்க்கச் சொன்னேன், சேர்த்தாள்.

அன்று மதியம் கரும்பலகையில் இரண்டே எழுத்து எழுதினேன். இ. பக்கத்தில் றா. அந்தக் காலத்து றாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது போலத் துணைக்கால் போட்டு எழுதுவதில்லை. ஒரே எழுத்தாகக் கீழே சுழித்து விடுவோம்.

"செங்கேணி, இதுங்களோட பேரு வேணாம். பேர மறந்துடு. இது என்ன சத்தம் போடுது, அது மட்டும் சொல்லு."

"இ."

"இது?"

"றா."

"க பாஷையில நான் சொன்னா எப்படிச் சேப்பியோ அப்படிச் சேத்துச் சொல்லு."

"இ… றா." கொஞ்சம் நின்றாள். "இ… றா." பிறகு தம்பியைக் கீழே போடாத குறையாகக் கத்தினாள். "இறா! டீச்சர், இறா! அதான் இப்டி சுருண்டுக்கினு கீது!"

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இது வேறு சிரிப்பு. கரும்பலகையை நான் துடைக்கப் போனபோது, "அத்த அழிக்காத டீச்சர்" என்றாள். அழிக்கவில்லை. மற்ற பாடத்தையெல்லாம் அன்று பலகையின் மறுபாதியிலேயே நடத்தினேன்.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் மொழியில் எழுத்து ஒன்று, சொல்லுக்குள் போனால் அதன் ஒலி இன்னொன்று. படகில் இருக்கிற 'ட'வையும் 'கு'வையும் தனித்தனியாகச் சொன்னால் அழுத்தமாக வரும். சொல்லுக்குள் குழைந்து வரும். அவள் அழுத்தமாகவே சேர்த்தாள். "பட்டக்கு" என்றாள். என்னைப் பார்த்து, "பட்டக்குன்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொள்வது நம் தொழிலில் பெரிய வேலை. அவள் உதடு அசைந்தது. பட்டக்கு, பட்டக்கு என்று இரண்டு தரம் சுவைத்துப் பார்த்தாள். "படகா?" என்றாள். "படகுதான்! நல்லா பேஜாரு பண்ணுது டீச்சர் இந்த எழுத்து."

அவள் படகு என்ற சொல்லை முன்பே அறிந்திருந்ததால்தான் பட்டக்குவிலிருந்து படகுக்குத் தாவ முடிந்தது. அறியாத சொல்லாக இருந்தால் தாவுவதற்கு அந்தப் பக்கம் கரையே இல்லை. பாடப் புத்தகத்தில் பனிமலை வந்தது, மாளிகை வந்தது. குப்பத்துப் பிள்ளைக்கு அவை எங்கே தெரியும்? அதனால் அப்படிச் சொல் வருகிற பாடத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுவேன். பனி என்றால் என்ன, மார்கழியில் படகின் மேல் விடிகாலையில் ஈரமாக இருக்கிறதே, அது மலை மேல் மலையாக உறைந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று. பேசிய பிறகு அந்தச் சொல்லைப் படித்தால், ஏற்கெனவே பழகின ஆளைப் பார்த்தது போல் முகம் மலரும். எழுத்துக்கு முன்னால் பேச்சு. இதை யாரும் உங்கள் நேர அட்டவணையில் போட்டுத் தர மாட்டார்கள், நீங்களேதான் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் அவள் சின்ன வாக்கியங்களுக்கு வந்தாள். ஒருநாள் 'இது என் வீடு' என்று எழுதியிருந்ததை, "இது எ ஊடு" என்று படித்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் வீட்டுப் படம் இருந்தது. படத்தைப் பார்த்துச் சொல்கிறாளோ?

படத்தைக் கையால் மூடினேன். "எங்க, ஊடுன்னியே, அதோட முத எழுத்து எது காட்டு."

'வீ' மேல் விரல் வைத்தாள்.

"இது என்ன சத்தம்?"

"வீ."

"அப்ப ஏன் ஊடுன்னு சொன்ன?"

எனக்குப் புரியவில்லையே என்று என் மேல் இரக்கப்பட்டது போல் பார்த்தாள். "புக்குதான் வீடுங்குது டீச்சர். நாங்க ஊடும்போம். ரெண்டும் ஒண்ணுதான்."

எழுத்தை ஒழுங்காகப் படித்து, பொருளைப் புரிந்துகொண்டு, அதைத் தன் பேச்சில் சொல்லியிருக்கிறாள். அன்றே அடித்துத் திருத்தியிருந்தால், தான் படித்தது தப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பாள். "சரி, புக்கு எப்படிச் சொல்லும்னும் சொல்லு, நீ எப்படிச் சொல்லுவேன்னும் சொல்லு" என்றேன். அது அவளுக்கு இன்னொரு க பாஷை போலப் பிடித்துப்போனது.

வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் யார் மேலே போகலாம், யார் நிற்க வேண்டும் என்று அவர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் இன்ஸ்பெக்டர் என்றால் அவருக்குப் பயம்.

"அம்மா, அந்தப் பெரிய பொண்ண அன்னிக்கு ஒரு நாள் வர வேண்டாம்னு சொல்லிடுங்களேன்" என்றார். "மத்த பசங்க நல்லா ஒப்பிப்பாங்க. இவ ஒருத்தியால எல்லாருக்கும் கெட்ட பேரு."

"வரலன்னா அவ மறுபடியும் ஒண்ணாம் வகுப்புதான் சார். அப்பா நிறுத்திடுவாரு."

"வந்து தப்பாப் படிச்சா மட்டும்?"

"வரட்டும் சார்" என்றேன்.

"உங்க பொறுப்பு" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டரைக் கரையிலிருந்து ஏற்றி வந்தது யார் படகு என்கிறீர்கள்? எல்லப்பன் படகுதான். அவரைத் திரும்பக் கொண்டு விட வேண்டும் என்பதால் எல்லப்பனும் வந்து கொட்டகை வாசலில் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். செங்கேணி அப்பாவைப் பார்த்தாள். தம்பியை இறுக்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் அனுபவசாலி. ஒரு பையன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். பையன் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனான். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தாமே எழுதினார்: 'வீட்டில் என்ன இருக்கிறது?' திரும்பிப் பார்த்தார். உயரமாக இருந்தவள் கண்ணில் பட்டாள்.

"நீ வாம்மா. படி."

தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பலகை முன்னால் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கொட்டகைக்குள் ஏரிக்காற்று ஓலையை அடிக்கிற சத்தம் மட்டும். தலைமையாசிரியரால் தாங்க முடியவில்லை. "வீட்…" என்று முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால் அவள் எந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ அதிலிருந்து விழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிட்டால்? என் கையில் அவள் தம்பி, வாசலில் அவள் அப்பா.

செங்கேணி வாய் திறந்தாள். தெளிவாகக் கேட்டாள்.

"ஊட்டுல இன்னா கீது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர், "தப்பு. எழுதியிருக்கிறதைப் படிக்கணும். உட்காரு" என்றார்.

"ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒரு நிமிஷம். அந்தக் கேள்விக்கு அவளைப் பதில் சொல்லச் சொல்லுங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவளிடமே திரும்பினார். "சரி, சொல்லு. என்ன இருக்கு?"

"மடவ கொழம்பு கீது. வல கீது. பொட்டியில எங்கம்மா பொடவ கீது. தம்பி மட்டும் இல்ல, அவன் தோ டீச்சர் கையில கீறான்."

இன்ஸ்பெக்டர் முகத்தில் முதல்முறையாக ஏதோ இளகியது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "செங்கேணி, இப்ப புக்கு எப்படிச் சொல்லும்? விரல் வெச்சுச் சொல்லு."

அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை நகர்த்தினாள். "வீட்டில்… என்ன… இருக்… இருக்கிறது?" மெதுவாகத்தான். ஆனால் ஓர் எழுத்தும் விடாமல்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "ரெண்டாவது போகலாம்" என்றார். என்னிடம், "பேச்சைத் திருத்துங்கம்மா" என்றார். "சரிங்க ஐயா" என்றேன். எது முதலில், எது பிறகு என்பதை அவரிடம் விவாதிக்க அது நேரமில்லை.

அவரைக் கரையில் விட்டுவிட்டு எல்லப்பன் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இஸ்கூலாண்ட போம்போதெல்லாம் பசங்க படிக்கிறது காதுல உழும் டீச்சரம்மா. கோயில்ல ஐயரு சொல்றாரே, அந்த மாதிரி. ஒண்ணும் பிரியாது. நமக்கு இல்ல அது, வேற யாருக்கோன்னு போயிடுவேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்கு எம் பொண்ணு படிச்சது எனக்குப் பிரிஞ்சிச்சி. ஊட்டுல இன்னா கீதுன்னு கேட்டா. நானே பதிலு சொல்ல வாயெடுத்துட்டேன்."

அப்புறம் நிறுத்துகிற பேச்சே அவர் எடுக்கவில்லை. சாயங்காலங்களில் அவர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், செங்கேணி பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். புத்தகத்தில் வருகிற காக்கா கதை அவருக்குப் பிடிக்கும். "அத்தயே இன்னொருவாட்டி படி" என்பார். இரண்டாம் வகுப்பு பாதியில் அவள் குரல் எழுத்துகளைத் தடவித் தடவிப் போவதை விட்டுவிட்டுப் பேசுவது போலவே ஓடத் தொடங்கியது. அந்த ஓட்டத்தை நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் பொய். கேட்க ஓர் ஆள் இருந்தார், படித்ததையே படிக்க அலுக்காத ஒரு பெண் இருந்தாள், அதுதான் கற்றுக்கொடுத்தது.

அந்த வருடம் ஒரு விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே செங்கேணியும் அவள் அம்மா அஞ்சலையும், கூடையோடு.

"இந்தக் கூத்தக் கேளு டீச்சரம்மா" என்று அஞ்சலை பிடித்துக்கொண்டாள். "காலையில இங்க ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சி. இங்க வித்தது போக மிச்ச மீனோட, நம்ம பொன்னேரி பஸ்ஸுன்னு ஏறப் போனேன். இது என் முந்தானையப் புடிச்சி இஸ்துக்கினு, எம்மா, இது ஊத்துக்கோட்டன்னு போட்டுக்கீதுன்னுச்சி. நீ கம்முனு வாடின்னு ஏறிக் குந்திட்டேன். அது எங்க போய் நின்னுச்சின்ற? ஊத்துக்கோட்டையிலதான்! மீனெல்லாம் அங்கயே வித்துட்டு, போக வர எல்லாம் தண்டம்!"

செங்கேணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டாள்.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அஞ்சலை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள், ஆனால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்தபடி பின்னால் திரும்பி மகளைப் பார்த்தாள். செங்கேணி பஸ்ஸின் முன்பக்கம் ஓடிப் போய் நின்று பலகையை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது.

"ஏறும்மா, ஏறு, நேரமாவுது" என்று கண்டக்டர் படியைத் தட்டினார்.

அஞ்சலை அசையவில்லை.

"இரு நைனா" என்றாள். "பொண்ணு படிச்சிக்கினு கீது."